நூற்று இருபத்தாறுக்குக் கீழே

என் அக்காவின் கண்களுக்காக நான் போட்ட சண்டை இது. யாரோடு என்று கேட்டால், முக்கால்வாசி அக்காவோடுதான். மிச்சத்தை ஓர் எண்ணோடு போட்டேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. பல வருஷம் தெரியாமலே உள்ளுக்குள் இருந்து, தெரிய வந்தபோது இரண்டு கண்ணிலும் பின்பக்கம் ரத்தம் கசிந்து முடிந்திருந்தது. கடைசி மூன்று வருஷம் வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். நாங்கள் யாராவது பக்கத்தில் போய் உட்கார்ந்தால் கையை நீட்டி, நெற்றியிலிருந்து மோவாய் வரை தடவிப் பார்த்து, "யாரு, பெரியவளா, சின்னவளா?" என்று கேட்பாள். அக்காவுக்கு நெற்றி அகலம். எனக்கு மூக்கு நுனி சப்பை. விரல் என் மூக்குக்கு வந்ததும் "சின்னவ" என்று சொல்லிச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை.

நான் வேலை பார்த்தது காளிகாட் மெட்ரோவுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். பத்து வருஷத்துக்கு மேல் ஊர்க்காரர்களின் சர்க்கரையை அளந்தவள் நான். வங்காளி, மார்வாடி, நம்மவர் என்று யார் ரத்தமாக இருந்தாலும், தெளிந்த நீரைப் பிரித்து மருந்து சேர்த்தால் ரோஜா நிறம் வரும். நிறம் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு சர்க்கரை. இயந்திரம் சொல்வதற்கு முன்னால் நானே எண்ணைச் சொல்லிவிடுவேன், ஐந்தாறு கூடக்குறைய இருக்கும். திமிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை தெரிந்தவளுக்கு அந்த அளவு திமிர் இருக்கலாம்.

ஊருக்கெல்லாம் பார்த்தவளுக்குச் சொந்த அக்கா கையை நீட்ட மாட்டேன் என்றாள். டாலிகஞ்சில் தனியாக இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கண்தான் அவளுக்குச் சோறு போட்டது. தொண்ணூறுகளின் கடைசியில் அவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒருநாள் அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது கவனித்தேன். ஒரு மணி நேரத்தில் மூன்று சொம்புத் தண்ணீர் குடித்தாள். காலில் செருப்புக் கடித்த புண் ஒரு மாதமாக ஆறவில்லை. அம்மாவும் இப்படித்தான் ஆரம்பித்தாள்.

"அக்கா, ஒரு தரம் ரத்தம் பார்த்துடலாம்."

"உனக்கு வேற வேலையே கிடையாதா? அம்மா நன்னாத்தான் நடமாடிண்டிருந்தா. அந்த நம்பரைச் சொன்ன அன்னிக்குத்தான் படுத்தா. நம்பர் தெரியாம இருந்திருந்தா இன்னும் பத்து வருஷம் நடமாடியிருப்பா."

"நம்பர் தெரியாததனாலதான் கண்ணு போச்சு!"

"கத்தாதே. கீழ் வீட்டு வங்காளி மாமி எட்டிப் பார்க்கப் போறா."

ஆறு மாதம் விடாமல் நச்சரித்தேன். கடைசியில், என் தொல்லை தாங்காமல், ஒரு நிபந்தனை போட்டாள். எங்கள் தமிழ்ச் சங்கம் வருஷா வருஷம் நடத்தும் இலவசச் சர்க்கரை முகாமுக்கு வருவாள். ஒரே ஒரு தரம் ரத்தம் கொடுப்பாள். எண் கோட்டுக்குக் கீழே இருந்தால், உயிர் உள்ளவரை நான் அவளிடம் சர்க்கரை என்ற வார்த்தையை எடுக்கக் கூடாது. நான் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். எனக்கு அவ்வளவு நிச்சயம். அவள் எண் கோட்டுக்கு மேலேதான் வரும் என்று எனக்குத் தெரியும்.

கோடு என்று சொன்னேனே, அதைச் சொல்லிவிடுகிறேன். அதுவரை வெறும் வயிற்றில் நூற்று நாற்பது வந்தால்தான் சர்க்கரை வியாதி என்று எழுதுவோம். அந்தக் காலத்தில்தான் அதை நூற்று இருபத்தாறுக்கு இறக்கினார்கள். லேக் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் கோவிலை ஒட்டிய ஹாலில் முகாமுக்கான கூட்டம் நடந்தபோது நான் இந்தச் செய்தியைச் சொன்னேன். சங்கத்தின் காரியதரிசி மாமா வங்கியில் பெரிய ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். கார்த்திகை பிறந்தால் பங்குனி வரை குரங்குக் குல்லாவைக் கழற்ற மாட்டார். அந்தக் குல்லாவுக்குள்ளிருந்து என்னை முறைத்தார்.

"போன வருஷம் எனக்கு நூத்தி முப்பது. பேஷா இருக்கேள் மாமான்னு நீதான் சொன்னே. இந்த வருஷமும் அதே நூத்தி முப்பது வந்தா நான் வியாதிக்காரனா? எனக்குச் சர்க்கரை ஏறலையே அம்மா, உங்க கோடுதானே இறங்கியிருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அக்காவும்தான். கேள்வி நியாயமானது. எனக்குப் பதிலும் தெரியும். "மாமா, சல்லடை மாதிரிதான் இது. கண்ணு பெருசா இருந்தா உமியும் கல்லும் மாவோட போயிடும். சின்னதா இருந்தா நல்ல மாவும் மேலயே நின்னுடும். நூத்தி நாப்பதுன்னு வெச்சா, வியாதி இருக்கறவா பாதிப் பேர் 'நான் சௌக்கியம்'னு ஆத்துக்குப் போயிடறா. நூத்தி இருபத்தாறுன்னு வெச்சா, ஒண்ணுமில்லாதவா சில பேரும் மாட்டிப்பா. அவாளை இன்னொரு தரம் பார்த்து அனுப்பிடலாம். கண்ணு போனவாளை என்ன பண்ணுவேள்?"

"அதுக்காக எங்களையெல்லாம் பயமுறுத்தணுமா?"

"பயமுறுத்தலை. கோடுன்னா கோடு. நூத்தி இருபத்தாறு. அதுக்கு மேல வந்தா என்கிட்ட வாங்கோ, கீழ வந்தா நிம்மதியா போங்கோ." மேஜையைத் தட்டிச் சொன்னேன். தட்டியிருக்க வேண்டாம்.

அடுத்த கேள்வி, முகாமை என்றைக்கு வைப்பது என்பது. வெறும் வயிற்றோடு ஆட்களை வரவழைப்பதுதான் முகாமில் பெரிய பாடு. ஆளுக்கு ஒரு இட்லியாவது தின்றுவிட்டு வருவார்கள். காரியதரிசி மாமா ஒரு யோசனை சொன்னார். வைகுண்ட ஏகாதசி வருகிறது. எல்லோரும் விரதம். மறுநாள் துவாதசி விடியலில் பெருமாளைச் சேவித்துவிட்டுத்தான் பாரணைக்கு, அதாவது விரதம் முடித்துச் சாப்பிட, வீட்டுக்குப் போவார்கள். கோவில் வாசலிலேயே ஹால். "வயிறு தானா காலியா இருக்கும். வந்தவாளை அப்படியே பிடிச்சுக்கோ!" என்றார்.

அடேயப்பா, என்ன யோசனை என்று நானும் தலையாட்டினேன். தலையாட்டினேன் என்ன, கைதட்டினேன்.

துவாதசியன்று நல்ல பனி. ஐந்தரை மணிக்கே ஹாலில் வரிசை நின்றுவிட்டது. பட்டுப் புடவைக்கு மேல் ஸ்வெட்டர், வேட்டிக்கு மேல் கோட்டு, எல்லோர் வாயிலும் புகை. லேபில் என்னோடு வேலை செய்த வங்காளிப் பெண் ஊசி குத்தி ரத்தம் எடுப்பதில் மகா கெட்டிக்காரி. குழந்தைகூட அழாது. அவள் ஒரு மேஜை, நான் ஒரு மேஜை. அக்கா கடைசியாக வந்தாள். முகம் வாடியிருந்தது, உதடு வெடித்திருந்தது. அம்மா போன பிறகு அம்மாவின் ஏகாதசியை அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். தசமி ராத்திரிக்குப் பிறகு பச்சைத் தண்ணீர் பல்லில் படாது.

"எடுத்துக்கோ," என்று கையை நீட்டினாள். "இதோட உனக்கும் எனக்கும் இந்தப் பேச்சு தீர்ந்தது."

நான் சந்தோஷமாகக் குத்தினேன்.

மத்தியானம் லேபில் குப்பிகளை வரிசையாக அடுக்கி மருந்தை ஊற்றிவிட்டுப் பார்த்தால், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரோஜா நிறமா அது? தாம்பூலம் போட்டுத் துப்பியது போலச் சிவப்பு. பாதிக்கு மேற்பட்ட குப்பிகள் கோட்டைத் தாண்டியிருந்தன. காலேஜில் படிக்கிற பெண்ணுக்கு நூற்று முப்பத்தெட்டு. ஓட்டப்பந்தயத்தில் கப்பு வாங்குகிறவருக்கு நூற்று நாற்பத்தைந்து. மருந்து கெட்டுவிட்டதோ என்று புதுப் புட்டி உடைத்தேன். அளவு தெரிந்த சர்க்கரைத் தண்ணீரை வைத்து இயந்திரத்தைச் சோதித்தேன். சரியாகத்தான் சொன்னது.

வங்காளிப் பெண் மெதுவாகக் கேட்டாள், இவர்கள் எல்லாரும் நிஜமாகவே ஒன்றும் சாப்பிடவில்லையா என்று.

"சாப்பிடறதாவது! நேத்தெல்லாம் ஏகாதசி. கார்த்தாலயும் ஒண்ணும் கிடையாது. காப்பியோட சரி," என்றேன். அவளோடு வங்காளியில்தான் பேசுவேன். ஆனாலும் இதைச் சொன்ன தோரணை சுத்தமான எங்கள் வீட்டுத் தோரணைதான்.

அவள் கையிலிருந்த குப்பியைக் கீழே வைத்தாள். "காஃபி? தூத் சினி தியே?"

பாலும் சர்க்கரையும் போட்டா என்று கேட்கிறாள். ஆமாம் என்றேன். பிறகுதான் என் வாயிலிருந்து வந்ததை என் காதே கேட்டது. நம் வீடுகளில் காப்பி விரதத்தைக் கெடுக்காது. எந்த விரதமானாலும் காப்பிக்கு விலக்கு உண்டு. அதைச் சாப்பாட்டுக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. விடியற்காலை குளிரில், கெட்டிப் பாலில், ஒன்றரை கரண்டி சர்க்கரை போட்டு ஒரு டம்ளர் குடித்துவிட்டு, 'வெறும் வயிறு' என்று சத்தியம் செய்யும் ஜாதி நாங்கள். மடைச்சி, வரிசையில் நின்றவர்களிடம் 'ஏதாவது சாப்பிட்டேளா?' என்று கேட்டவள் நான். 'இல்லையே' என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஐந்து மணிக்கு என் வீட்டுக்காரர் கலந்து கொடுத்ததை நானே குடித்துவிட்டுத்தான் வந்திருந்தேன்!

அந்தப் பெண் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்போதுதான் வரிசையின் கடைசிக் குப்பி கண்ணில் பட்டது. அத்தனை சிவப்புக்குப் பக்கத்தில் அது வெளிறிப்போய் இருந்தது. அக்காவுடையது. நூற்று இருபத்தொன்று.

சிரிப்பு நின்றுவிட்டது. கோட்டுக்கு ஐந்து கீழே. நியாயமாக நான் பெருமாளுக்கு ஒரு கும்பிடு போட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்குத் தெரியும். நூற்று இருபத்தாறு என்ற கோடு ராத்திரி சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வருகிறவர்களுக்காகப் போட்டது. எட்டு மணி, பத்து மணி நேரப் பட்டினிக்கு. அக்கா ஒன்றரை நாள் பட்டினி. சர்க்கரை வியாதிக்காரிக்குக்கூட ஒன்றரை நாள் பட்டினியில் எண் இறங்கும். அப்படி இறங்கியும் நூற்று இருபத்தொன்று என்றால், சாதாரண நாளில் அது எங்கே நிற்கும்? மற்றவர்கள் எண் பொய்யாக ஏறியிருந்தது, இவளுடையது பொய்யாக இறங்கியிருந்தது. கோட்டில் தப்பில்லை. நல்லவர்களை மேலே, நோயாளியைக் கீழே என்று தப்பான பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியவள் நான்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். சீட்டில் அக்காவின் எண்ணை எழுத வேண்டிய இடத்தில் நூற்று முப்பத்தொன்று என்று எழுதிவிடலாமா என்று நினைத்தேன். ஒரே ஒரு இலக்கம்தான் மாற வேண்டும். யாருக்குத் தெரியப்போகிறது? பேனா சீட்டின் மேல் நின்றது. பத்து வருஷத்தில் நான் ஒரு எண்ணையும் மாற்றி எழுதியதில்லை. எழுதியிருந்தால் பிறகு என் கையால் எழுதின எந்த எண்ணையும் நானே நம்ப மாட்டேன். நூற்று இருபத்தொன்று என்றே எழுதினேன்.

சாயங்காலம் மெட்ரோ ஏறி டாலிகஞ்சுக்குப் போனேன். அக்கா முழுப்பரீட்சைப் பேப்பர் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சீட்டைப் பார்த்தாள். கல்யாணப் பெண் போல முகம் மலர்ந்துவிட்டது.

"நூத்தி இருபத்தொண்ணு! பார்த்தியா? எத்தனை மாசம் என் பிராணனை வாங்கினே!"

"அக்கா, இது கணக்கில்லை. நீ ஒன்றரை நாள் பட்டினி. இன்னொரு தரம் பார்க்கணும்."

"ஏண்டி, கோடுன்னா கோடுன்னு மேஜையைத் தட்டினது யாரு? கீழ வந்தா நிம்மதியா போங்கோன்னு சொன்னது யாரு? மேல வந்திருந்தா இந்தப் பேச்சு பேசுவியா?"

பேச மாட்டேன். அதுதான் உண்மை. மேலே வந்திருந்தால் பட்டினியாவது காப்பியாவது என்று இழுத்துக்கொண்டு போயிருப்பேன். அவள் மடியில் இருந்த பேப்பர் கட்டைப் பார்த்தேன். முப்பத்தைந்து வாங்கினால் பாஸ். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வந்த பேப்பர்களை அவள் தனியாக எடுத்து வைப்பாள். அவற்றை முதலிலிருந்து மறுபடி திருத்துவாள். எங்கேயாவது கூட்டலில் விட்டுப்போயிருக்கும், எங்கேயாவது ஒரு படிக்கு மார்க் போடாமல் இருந்திருக்கும்.

"எதுக்கு அதுகளை மட்டும் தனியா வெச்சிருக்கே?" என்று கேட்டேன்.

"கோட்டுக்குப் பக்கத்துல இருக்கே. நான் தப்பா திருத்தியிருந்தா ஒரு குழந்தைக்கு ஒரு வருஷம் போயிடுமே."

"நீ கோட்டுக்கு அஞ்சு மார்க் பக்கத்துல இருக்கே. நான் தப்பா திருத்திட்டேன்."

ஒரு நிமிஷம் பேனா நின்றது. பிறகு, "நான் மறு திருத்தம் கேட்கலையே," என்று சொல்லிவிட்டு அடுத்த பேப்பரை எடுத்தாள். அதைக் கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு படித்தாள். நான் எழுந்து வெளியே வந்து மெட்ரோ படிக்கட்டில் நின்று அழுதேன். கோபத்தில்தான் அழுதேன். பிடிவாதத்துக்கு மருந்து இருந்தால் அன்றைக்கே ஒரு புட்டி வாங்கிப் புகட்டியிருப்பேன்.

மறுநாள் காரியதரிசி மாமா தமக்கு வந்த சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு லேபுக்கே வந்துவிட்டார். காப்பி விஷயத்தைச் சொன்னதும் முதலில் சிரித்தார், பிறகு கவலைப்பட்டார். ஒரு வழியும் சொன்னார். "ரொம்ப சிம்பிள் அம்மா. கோட்டைத் திரும்ப நூத்தி நாப்பதுக்குத் தூக்கிடு. காப்பி குடிச்சவா எல்லாம் கீழ போயிடுவா. ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம். சங்கத்துக்கும் கௌரவம், உனக்கும் கௌரவம்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. என் மானமும் பிழைக்கும். ஆனால் கோட்டைத் தூக்கினால் காப்பி குடித்த நல்லவர்களோடு, காப்பி குடித்த நோயாளிகளும் கீழே போய் ஒளிந்துகொள்வார்கள். ரத்தத்தைத் தப்பாக எடுத்துவிட்டுக் கோட்டை நகர்த்தினால் சரியாகிவிடுமா? அக்காவோ இன்னும் ஆழத்தில் போய்விடுவாள். முதலில் ஐந்து கீழே, பிறகு பத்தொன்பது கீழே. அப்புறம் அவளை யார் வெளியே எடுப்பது?

"மாமா, எல்லாரையும் திரும்பக் கூப்பிடணும். எல்லா ரத்தத்தையும் திரும்ப எடுக்கணும்."

"எல்லாரையுமா? சிரிப்பாளே! அதை யார் போய் மைக்குல சொல்றது?"

"நான்தான்."

பொங்கல் விழாவில் சொன்னேன். ஹால் நிரம்பியிருந்தது. நான் பிறந்ததிலிருந்து அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். நான் ஒரு தப்பை ஒப்புக்கொண்டு அவர்களில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை. துவாதசி முகாமின் எண்கள் அத்தனையும் குப்பை என்றேன். தேதியை ஒப்புக்கொண்டது என் தப்பு, காப்பியைக் கேட்காமல் விட்டது என் தப்பு, நானே குடித்துவிட்டு வந்தது அதைவிடப் பெரிய தப்பு என்றேன். சிரிப்பு கூரையைப் பிய்த்தது. "காப்பியை வியாதின்னு சொல்லாம விட்டியே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். இன்னொரு மாமி, "மூணு நாளா நான் சக்கரைப் பொங்கலைத் தொடலைடி பாவி!" என்றாள்.

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு மிச்சத்தையும் சொன்னேன். "மேல வந்தவா பயப்பட வேண்டாம். கீழ வந்தவா சந்தோஷப்படவும் வேண்டாம். முழுப் பட்டினி இருந்தவாளோட நம்பர் இருக்கவேண்டியதைவிடக் குறைச்சலா இருக்கும். அவாளைத்தான் நான் முக்கியமா கூப்பிடறேன். கீழ வந்தா நிம்மதியா போங்கோன்னு நான் மேஜையைத் தட்டிச் சொன்னேன். அது தப்பு. அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கறேன்."

அக்கா கடைசி வரிசையில் இருந்தாள். அவள் சிரிக்கவில்லை. நான் அவளைப் பார்த்துச் சொல்கிறேன் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விழா முடிந்ததும் என்னிடம் பேசாமலே போய்விட்டாள்.

இரண்டாம் முகாம் தை மாதத்தில், விரதம் பண்டிகை எதுவும் ஒட்டாத ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஹால் வாசலில் பலகை வைத்தோம். 'காப்பியும் சாப்பாடுதான்' என்று காரியதரிசி மாமா தம் கையாலேயே கொட்டை எழுத்தில் எழுதினார். முந்தின மூன்று நாளும் வழக்கம்போலச் சாப்பிட்டிருக்க வேண்டும், முந்தின ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் கூடாது, தண்ணீர் மட்டும் குடிக்கலாம். காப்பி குடிக்காத நம் ஜனங்கள் காலை ஆறு மணிக்கு எப்படி இருப்பார்கள் என்று அன்றைக்குத்தான் உலகம் பார்த்தது. ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாமா இரண்டு பேரோடு சண்டை போட்டார்.

அக்கா ஏழு மணிக்கு வந்தாள். என் மேஜைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மறு திருத்தத்துக்கு வந்திருக்கேன்," என்றாள். ஊசியை எடுத்தேன். அவள் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். "முதல்ல உன் கை."

"என் கையா? எதுக்கு?"

"அவ எனக்கு மட்டும் அம்மாவா? பத்து வருஷமா ஊரைக் குத்தறியே, என்னிக்காவது உன்னைக் குத்திண்டிருக்கியா?"

இல்லை. ஒரு நாளும் இல்லை. அளக்கிறவளை யார் அளப்பார்கள்? பக்கத்து மேஜையிலிருந்து வங்காளிப் பெண் எழுந்து வந்து என் கையில் ரப்பரைக் கட்டினாள். எனக்கு எடுத்த பிறகுதான் அக்கா கையை நீட்டினாள்.

அன்றைக்கு வரிசை வரிசையாக வெளிர் ரோஜா நிறம். காலேஜ் பெண்ணுக்கு எண்பத்தெட்டு, ஓட்டப்பந்தயக்காரருக்குத் தொண்ணூற்றிரண்டு. காரியதரிசி மாமாவுக்கு அதே நூற்று முப்பது. அக்காவுக்கு நூற்று அறுபத்துமூன்று. எனக்கு நூற்று இருபத்தொன்பது.

"எனக்கு ராத்திரி சரியா தூக்கமில்லை, அதனாலதான் ஏறியிருக்கு," என்றேன். தானாக வந்துவிட்டது. சொல்லி முடித்ததும் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். எண்ணைக் கேட்டு அழப்போகிறாள் என்று நான் பயந்துகொண்டிருந்த அந்த முகம் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது.

"கோடுன்னா கோடுடி," என்றாள்.

ஒரு எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது என்று கற்றுக்கொண்டவள் நான் என்பதால், கோட்டைத் தாண்டினவர்கள் எல்லோரையும் இன்னொரு நாள் பார்த்தோம். அக்காவுடையது மறுபடியும் அங்கேயேதான் நின்றது. என்னுடையது அந்த முறை கோட்டுக்கு மூன்று கீழே இறங்கி, அடுத்த வருஷம் மேலே ஏறி, பிறகு இறங்க மனசில்லாமல் அங்கேயே தங்கிவிட்டது. அக்காவைக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அந்த டாக்டர் நெடுநேரம் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இடது கண்ணில் இரண்டு சிறு புள்ளிகள் இருக்கின்றன, இப்போதுதான் ஆரம்பம், சரியான சமயத்தில் வந்தீர்கள் என்றார்.

அதற்குப் பிறகு அக்கா மாத்திரைக்காரி ஆனாள். விடியற்காலையில் லேக்கைச் சுற்றி நடந்தாள். ஏகாதசிக்குப் பட்டினியை விட்டுவிட்டு, "அம்மா கோச்சுக்க மாட்டா," என்று சொல்லிக் கோதுமை உப்புமா சாப்பிட்டாள். அம்மா அந்த எண்ணைக் கேட்டுப் படுத்தாள். இவள் அந்த எண்ணைக் கேட்டு எழுந்து நடந்தாள். வருஷத்துக்கு ஒரு முறை நாங்கள் இருவரும் சேர்ந்து கண் காட்டப் போவது வழக்கமாகிவிட்டது.

அவள் ஓய்வு பெற்ற வருஷமும் போனோம். கண்ணைப் பெரிதாக விரியவைக்கும் சொட்டு மருந்து விட்டுத்தான் உள்ளே பார்ப்பார்கள். அது விட்டால் சில மணி நேரத்துக்குக் கிட்டத்தில் இருப்பது எதுவும் தெரியாது, வெயில் கூசும். டாக்டர் பார்த்து முடித்தார். அதே இரண்டு புள்ளிகள். பதினைந்து வருஷத்தில் மூன்றாவது வரவில்லை. என் கண்ணில் ஒன்றும் இல்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்தோம். எதிரே தெருவெல்லாம் பால் கொட்டினது போல வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் இருந்த அக்காவின் முகம் எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது.

அப்போது ஒரு கை என் நெற்றியைத் தொட்டது. மெதுவாகக் கீழே வந்தது. புருவம், கன்னம், மூக்கு. மூக்கின் நுனியில் நின்றது.

"யாரு, சின்னவளா?" என்றாள் அக்கா, அம்மா கேட்ட அதே குரலில்.

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். "விளையாடறதுக்கு வேற விஷயமே கிடைக்கலையா உனக்கு?" என்று கத்தினேன். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவளும் அழுதிருப்பாள், எனக்குத் தெரியவில்லை. வெயில் சாயும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். இரண்டு மூன்று பஸ்கள் போயின. எதிலும் ஊர்ப் பெயரை எங்களால் படிக்க முடியவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகத் தெரு நிறம் பிடித்துக்கொண்டு வந்தது. எதிர்க்கடைப் பலகை எனக்கு இன்னும் கலங்கலாகவே இருந்தது. தூரத்தில் ஒரு மினிபஸ் திரும்பியது. அக்கா என் கையை விட்டுவிட்டு எழுந்தாள். பஸ்ஸின் நெற்றியில் வங்காளியில் எழுதியிருந்த ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக, கரும்பலகையில் படிப்பதுபோல, சத்தமாகப் படித்தாள்.

"டாலிகஞ்ச் போறது. எழுந்திரு," என்றாள்.